பதினொரு பாயிண்ட்

செவ்வாய்ப்பேட்டை, மாடியில் அச்சகம்.
கீழே கொலுசுக்குத் திருகு வைக்கும் சத்தம்.
மேலே நான், ஒரு கணினி,
ஏற்காடு கோடை விழாத் துண்டறிக்கை.
இருபதாயிரம் பிரதி. நாளை மாலைக்குள்.

அலுவலகம் அனுப்பிய வாசகம்
எந்த மலைக்கும் பொருந்தும்.
'இயற்கை அன்னையின் மடியில்' என்று தொடங்கி
'குடும்பத்துடன் கண்டு களித்திட' என்று முடிகிறது.
நடுவில் கொட்டை எழுத்தில்
'ஏழைகளின் ஊட்டி'.

ஊட்டியை யாராவது
பணக்காரர்களின் ஏற்காடு என்று எழுதியிருக்கிறார்களா?
அர்த்தனாரி அண்ணனிடம் கேட்டேன்.
'நீ பிழையை மட்டும் பாரும்மா' என்றார்.
இது பிழையில் சேராதா என்று
நான் கேட்கவில்லை.

பிழை பார்த்தேன்.
'கிளியூர் அறுவி'. ஒரு எழுத்தை மாற்றினேன்.
படத்தில் தண்ணீர் இரைந்து கொட்டுகிறது;
மே மாதத்தில் அங்கே
பாறை முதுகைக் காயவைத்துக்கொண்டிருக்கும்.
அடைப்புக்குள் 'மழைக்குப் பின்' என்று சேர்த்தேன்.
கொண்டை ஊசி வளைவு இருபது. சரிதான்.
தினம் காலையில் இறங்குகிறேன், இரவில் ஏறுகிறேன்.
பதினான்காவதில் காது அடைக்கும்,
எச்சில் விழுங்கினால் திறக்கும்.
இதை எந்த அறிக்கையும் சொன்னதில்லை.
லேடீஸ் சீட்டில் வரிசையில் நின்று
தொலைநோக்கியில் பார்க்கிறார்களே சேலத்து விளக்குகள்,
கடைசி பஸ்ஸின் ஜன்னலில் எனக்கு அவை
டிக்கெட்டோடு சேர்த்தி.

மூன்றாம் பக்கம்.
படகு சவாரிக்கும் மலர்க் கண்காட்சிக்கும் நடுவே
'எழில்மிகு பழங்குடியினர்'.
காப்பிச் செடியில் கைவைத்துச் சிரிக்கும் ஒரு பெண்.
படக்குறிப்பு: மலைமகள்.

சடைச்சி அத்தை!

பட்டிப்பாடிக்கு மேலே, பலாமரம் திரும்பினால் வீடு.
சும்மா சிரிக்கிறவள் இல்லை.
படம் எடுத்தவர் சரிவில் வழுக்கியிருப்பார்.
பழம் சிவந்திருக்கிறது, ஆக மார்கழி.
அந்த வாரக் கூலி
தை பிறந்துதான் வந்தது.

பெயர் போடலாமா என்று
தமயந்தி மேடத்துக்கு போன் செய்தேன்.
'இடம் இருக்காதே' என்றார்.
பன்னிரண்டு பாயிண்டைப் பதினொன்றாக்கினேன்.
எழுத்தெல்லாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது,
பஸ்ஸில் பிள்ளைக்காரிக்கு இடம் விடுகிற மாதிரி.
கிடைத்த ஒற்றை வரியில்:
'சடைச்சி, பட்டிப்பாடி. இவர் பறித்த காப்பியைக் குடித்துவிட்டுப் போங்கள்.'
ஏழைகளின் ஊட்டி இருந்த இடத்தில்
'ஏற்காடு'.
வேறு சொல் எனக்கு எட்டவில்லை.

ப்ரூஃப் போனது. கையெழுத்தாகி வந்தது.
யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

விழாவின் மூன்றாம் நாள், ஞாயிறு, அச்சகம் லீவு.
பட்டிப்பாடிப் பாதையில் ஒரு விழுப்புரத்துக் கார்
தயங்கித் தயங்கி ஏறி நின்றது.
கண்ணாடி இறங்க, துண்டறிக்கை நீண்டது.
'சடைச்சின்னு ஒருத்தங்க... இங்க காப்பி குடிக்கலாமாமே?'

தோளில் பலாப்பழம் சுமந்து வந்தவள்
படத்தை உற்றுப் பார்த்தாள்,
பிறகு காருக்குள் தலைகளை எண்ணினாள்.
ஏழு.
'அவ ரேஷன் கடைக்குப் போயிருக்கா.
அஞ்சு மணிக்கு வாங்க, இருப்பா.'

கார் திரும்புவதற்குள்
என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்,
பழத்தை இறக்கக்கூட இல்லை.
'எங்கிட்ட நாலுதான் இருக்கு.
மூணு டம்ளர் குடு கண்ணு.'